ஆபரேஷன் முடிந்த அப்பத்தாவுக்கு மார்பில் ஒட்டும் சென்சார் வாங்கலாமா?

பள்ளத்தூர் பேரன்

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பத்தாவுக்கு 81 வயது. மூன்று வாரத்துக்கு முன்னால், எங்கள் செட்டிநாட்டு வீட்டின் இரண்டாம் கட்டில், அதாவது முன்பக்க முகப்பையும் முற்றம் சூழ்ந்த வளவையும் தாண்டிய உள்பகுதியில், தண்ணீர் சிந்திக் கிடந்ததைப் பார்க்காமல் கால் வைத்து விழுந்துவிட்டார்கள். ஈரமான ஆத்தங்குடிக் கல் எப்படி வழுக்கும் என்று இந்தப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தொடை எலும்பின் கழுத்து முறிந்துவிட்டது. மறுநாளே வெளியூரில் ஒரு மருத்துவமனையில் பாதி மூட்டு மாற்றினார்கள். ஆபரேஷனில் ஒரு குறையும் இல்லை.

வினை இரண்டாம் நாள் ராத்திரி வந்தது. பகலெல்லாம் வலி வலி என்று அரற்றிக்கொண்டிருந்தவர்கள், விளக்கு வைக்கிற நேரத்துக்கு மேல் பேச்சைக் குறைத்துவிட்டார்கள். பத்து மணிக்கு என்னைப் பார்த்து, "கடை சாத்தியாச்சா?" என்று கேட்டார்கள். எங்களுக்குக் கடை இருந்தது ஐயா காலத்தில், அதுவும் பினாங்கில். அப்புறம் ஒரே தூக்கம். பணியில் இருந்தவரைக் கூப்பிட்டுச் சொன்னேன். விரலில் மாட்டியிருந்த கிளிப்பையும் மானிட்டரையும் பார்த்துவிட்டு, "98 இருக்கு, நல்லாத் தூங்குறாங்க, விடுங்க" என்றார். நானும் விட்டுவிட்டேன். அதுதான் இன்னும் உறுத்துகிறது.

காலையில் வந்த டாக்டர் மானிட்டரைப் பார்க்கவே இல்லை. அப்பத்தாவின் மார்பில் கையை வைத்து, கடிகாரத்தைப் பார்த்தபடி ஒரு நிமிடம் நின்றார். "எட்டு" என்றார். உடனே வலி மருந்தைக் குறைக்கச் சொன்னார். மத்தியானத்துக்குள் கண் விழித்தார்கள். தடுமாற்றம் தெளிய மேலும் இரண்டு நாள் ஆயிற்று.

இன்னொன்று. நான்காம் நாள் மார்பில் ஒட்டியிருந்த இசிஜி ஸ்டிக்கரைப் பிய்த்தபோது தோலும் கூடவே வந்துவிட்டது. கோசமல்லிக்கு அவித்த கத்திரிக்காய்த் தோல் உரியுமே, அப்படி. ஆபரேஷன் காயம் ஆறிவிட்டது, அந்த இடம் இன்னும் ஆறவில்லை.

இப்போது வீட்டுக்கு வந்தாயிற்று. சிங்கப்பூரில் இருக்கும் சித்தப்பா, மார்பில் ஒட்டிக்கொள்ளும் பட்டை சென்சார் ஒன்று வாங்கி அனுப்புகிறேன், இதயத்துடிப்பும் மூச்சும் போனிலேயே தெரியும் என்கிறார். நம்பலாமா? அன்று ராத்திரி அது இருந்திருந்தால் காட்டிக் கொடுத்திருக்குமா?

கோட்டையூர் வாத்தியார்

தம்பி, கொரோனா காலத்தில் வாங்கிய விரல் கிளிப் எங்கள் வீட்டில் மூன்று இருக்கிறது. ஒன்று 97 சொல்லும், ஒன்று 91 சொல்லும், மூன்றாவது பேட்டரி தீர்ந்து வெற்றிலைப் பெட்டியில் கிடக்கிறது. முதலில் எதை நம்புவது என்று சொல்லுங்கள், அப்புறம் பட்டையைப் பற்றிப் பேசுவோம்.

மயக்க மருந்துக்காரன்

பேரன், உங்கள் தவறு ஒன்றும் இல்லை. கிளிப்பும் பொய் சொல்லவில்லை. கேட்ட கேள்விதான் வேறு.

விரல் கிளிப் சொல்வது ரத்தத்தில் ஆக்ஸிஜன் எவ்வளவு ஏறியிருக்கிறது என்பதை மட்டும். மூச்சு எப்படி ஓடுகிறது என்பதை அது சொல்லாது. அப்பத்தாவுக்கு அன்று முகத்தில் ஆக்ஸிஜன் வைத்திருந்தார்களா? வைத்திருந்தால் நிமிடத்துக்கு எட்டு மூச்சிலும் 98 காட்டும். வளவில் குழாயைத் திறந்துவிட்டு அண்டா நிறைந்திருக்கிறதா என்று மட்டும் பார்ப்பது போல. மடை அடைத்துக்கொண்டு முற்றத்தில் தண்ணீர் தேங்குவது அண்டாவைப் பார்த்தால் தெரியுமா? மூச்சு குறைந்தால் முதலில் தேங்குவது கரியமில வாயு. அது ஏற ஏற ஆள் மந்தமாகிவிடுவார். பார்க்கிறவர்களுக்கு நல்ல தூக்கம் போலவே இருக்கும். மார்ஃபின் வகை வலி மருந்து முதியவர்களுக்குச் சிறிய அளவிலேயே இதைச் செய்துவிடும். சிறுநீரகம் தளர்ந்திருக்கும், மருந்து வெளியேற நேரம் எடுக்கும்.

'கடை சாத்தியாச்சா' என்று கேட்டார்களே, அதுதான் அன்றைய பெரிய அபாய மணி. இங்கிலாந்தில் வார்டுகளில் நோயாளிக்கு மதிப்பெண் போடும் முறை ஒன்று 2012-இல் வந்தது. மூச்சு, ஆக்ஸிஜன், ரத்த அழுத்தம், நாடி, காய்ச்சல், நினைவு என்று ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண். கூட்டினால் 7 வந்துவிட்டால் அவசரம். 2017-இல் அதைத் திருத்தியபோது, 'புதிதாக வந்த குழப்பம்' என்பதற்குத் தனியாக 3 கொடுத்தார்கள். மூச்சு 8 அல்லது அதற்குக் கீழே போனாலும் 3. வெளியிலிருந்து ஆக்ஸிஜன் கொடுத்தாலே 2. கூட்டிப் பாருங்கள், நாடியைப் பிடிக்காமலே எட்டு வந்துவிடுகிறது. 98 என்ற எண்ணுக்கு அங்கே ஒன்றும் கிடையாது.

முதியவர்களிடம் இன்னொரு சிக்கல். பிரஷருக்கும் இதயத்துக்கும் சாப்பிடும் சில மாத்திரைகள் நாடியை ஏறவிடாது. உள்ளே ரத்தம் கசிந்தாலும் 70 என்று நிற்கும். தொற்று வந்தாலும் காய்ச்சல் காட்டாமல் இருப்பார்கள். அலறித் திமிறுகிற குழப்பத்தை எல்லோரும் கண்டுபிடித்துவிடுவார்கள். சத்தமில்லாமல் சுருண்டு படுக்கிற குழப்பம்தான் தப்பிவிடும்.

ராத்திரி டூட்டி அக்கா

அந்த ராத்திரி பணியில் இருந்தவரைத் திட்ட ஆள் வரும் முன் நான் எழுதிவிடுகிறேன். அரசு, தனியார் இரண்டிலும் பதினெட்டு வருடம் வார்டு பார்த்திருக்கிறேன். நாலு மணி நேரத்துக்கு ஒரு முறை சார்ட் எழுத வேண்டும். வெப்பம், நாடி, பிரஷர், கிளிப் நாலுக்கும் கருவி இருக்கிறது. மூச்சுக்குக் கருவி கிடையாது, நாம்தான் நின்று எண்ண வேண்டும். அதனால் அந்தக் கட்டத்தில் என்ன எழுதுவோம் தெரியுமா? 20. எல்லா நோயாளிக்கும் 20. பழைய சார்ட்டைப் புரட்டிப் பாருங்கள், ஊரே ஒரே தாளத்தில் மூச்சு விட்டிருக்கும்.

தோல் விஷயத்துக்கு வருகிறேன். ஸ்டிக்கரை மேல்நோக்கி வெடுக்கென்று இழுக்கவே கூடாது. ஓரத்தைத் தூக்கி, தோலோடு தோலாகப் படுக்கவைத்து மடக்கி, இன்னொரு கையால் தோலை அழுத்திப் பிடித்துக்கொண்டு மெதுவாக உருட்ட வேண்டும். விடாமல் ஒட்டிக்கொண்டிருந்தால் ஓரத்தில் தேங்காயெண்ணெய் இரண்டு சொட்டு விட்டு ஐந்து நிமிடம் பொறுக்கலாம். இதைச் சொல்லிக்கொடுக்க ஒரு நிமிடம் போதும். யாரும் சொல்வதில்லை.

பள்ளத்தூர் பேரன்

டாக்டர் சார், ஆமாம், மாஸ்க் இருந்தது. இப்போதுதான் புரிகிறது.

அக்கா, நான் யாரையும் திட்டவில்லை. ஆனால் இதே காரணத்துக்காகத்தான் சித்தப்பா சொல்கிறார்: மனுசன் எண்ண மாட்டான் என்றால் கருவி எண்ணட்டும்.

மின்முனை

எனக்கான உரையாடல் இழை. காரைக்குடியில் மின்வேதியியல் ஆய்வு மாணவன், உடம்பில் ஒட்டும் சென்சாருக்கான பொருள்களில்தான் வேலை. சித்தப்பா சொல்வது பாதி சரி. மீதிப் பாதி, தோலுக்கும் உலோகத்துக்கும் இடையில் இருக்கிற ஒரு மில்லிமீட்டரில் மாட்டிக்கொண்டிருக்கிறது.

உடம்புக்குள் மின்னோட்டத்தைச் சுமப்பது சோடியம், குளோரைடு போன்ற அயனிகள். கம்பிக்குள் சுமப்பது எலக்ட்ரான். இரண்டும் சந்திக்கிற இடத்தில் கைமாற்ற ஒரு தரகர் வேண்டும். வெறும் உலோகத்தை வைத்தால் சரக்கு வாசலிலேயே குவிந்துவிடும், அதாவது மின்னூட்டம் தேங்கி, இசிஜி கோடு பாம்பு போல மேலும் கீழும் நெளியும். வெள்ளியின் மேல் வெள்ளிக் குளோரைடு பூசினால் அது குளோரைடை வாங்கவும் கொடுக்கவும் செய்யும், கணக்கு நேராகிவிடும். அந்தச் சாம்பல் நிறப் பொட்டுதான் ஸ்டிக்கரின் நடுவில் இருப்பது, மின்முனை (எலக்ட்ரோடு) என்பது அதைத்தான். அதன் மேல் உப்புக் கலந்த ஜெல். ஜெல் காய்ந்தால் சமிக்ஞையும் காய்ந்துவிடும். அதனால்தான் அடிக்கடி மாற்றச் சொல்கிறார்கள். மாற்றும்போதெல்லாம் தோல் போகிறது.

முதியவர் தோலில் மேலடுக்கும் கீழடுக்கும் இளம் வயதில் பல்சக்கரம் போலக் கோத்திருக்கும் பிடிப்பு தளர்ந்து, தட்டையாகிவிடுகிறது. பசை மேலடுக்கைப் பிடித்தால் அது கழன்று வருவது இயல்பு. அக்ரிலிக் பசைக்குப் பிடி அதிகம். சிலிகோன் பசை மென்மையாகக் கழன்றுவிடும், தோலைக் கிழிக்காது. ஆனால் விலை கூடுதல், சீக்கிரம் விட்டுவிடவும் செய்யும். விட்டால் மூச்சு இல்லை என்று போன் அலறும்.

சரி, ஜெல்லே வேண்டாம், உலர் மின்முனை செய்வோம் என்று எங்களைப் போன்றவர்கள் கிளம்பினோம். கிராஃபீன், கார்பன் நானோகுழாய், வெள்ளி பூசிய நைலான் நூல், பெடாட் என்கிற மின்கடத்தும் பிளாஸ்டிக் என்று பல வழி. (மின்சாரம் கடத்தும் பிளாஸ்டிக்குகளைக் கண்டவர்களுக்கு 2000-இல் வேதியியல் நோபல் கிடைத்தது.) கட்டுரைகளில் கோடு அழகாக வரும். உண்மையைச் சொல்லிவிடுகிறேன். உலர் மின்முனை நன்றாக வேலை செய்ய அடியில் கொஞ்சம் வியர்வை வேண்டும். அந்த வியர்வைதான் ரகசிய ஜெல். எங்கள் ஆய்வகத்தில் சோதனைக்குக் கை நீட்டுகிறவர்கள் எல்லோரும் இருபத்தைந்து வயதுக்காரர்கள், மே மாதம், மின்விசிறி ஓடாத அறை. அப்பத்தாவின் தோல் வறண்டு, வியர்வை குறைந்து, சுருங்கியிருக்கும். ஒரு முறை என் அம்மாச்சியின் கையில் ஒட்டிப் பார்த்தேன். திரையில் வந்தது இசிஜி இல்லை, டிரான்ஸ்பார்மர் இரைச்சல். ஈரத்துணியால் துடைத்துவிட்டு மறுபடி ஒட்டியதும் கோடு வந்தது. பத்து நிமிடத்தில் போய்விட்டது.

கோட்டையூர் வாத்தியார்

காரைக்குடியில் மின்வேதியியல் என்றதும் ஒன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. வள்ளல் அழகப்பச் செட்டியார் எங்கள் ஊர்க்காரர். 300 ஏக்கரும் 15 லட்சமும் அவர் கொடுத்துத்தான் செக்ரி, அதாவது மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம், வந்தது. 1948 ஜூலை 25-இல் நேரு அடிக்கல் நாட்டினார், 1953 பொங்கல் நாளில் ராதாகிருஷ்ணன் திறந்துவைத்தார். பேரன் அப்பத்தா விழுந்ததைப் பற்றிக் கேட்டால் இந்த ஊரிலேயே பதில் கிடைக்கிறது பாருங்கள். சரி, விஷயத்துக்கு வாருங்கள்.

சிங்கப்பூர் சித்தப்பா

பேரன் இழையின் முகவரியை அனுப்பினான், நானே வந்துவிட்டேன். நான் ஆராய்ச்சிக்காரன் இல்லை. ஆனால் ஏறக்குறைய இரண்டாயிரம் மைலுக்கு அப்பால் இருக்கிற மகனுக்கு ராத்திரி இரண்டு மணிக்கு ஒரு எண் தெரிவது எவ்வளவு பெரிய ஆறுதல் என்று உங்களில் யாருக்காவது தெரியுமா? குறை இருக்கட்டும். ஒன்றும் இல்லாததற்கு ஏதோ ஒன்று மேல் இல்லையா? 2015-இல் அமெரிக்காவின் கிளீவ்லேண்டில் வந்த ஆய்வைப் படித்தேன். ஆபரேஷன் முடிந்து வார்டில் இருந்த 833 பேருக்குத் தொடர்ந்து கிளிப் போட்டுப் பார்த்தார்கள், எண்ணை நர்ஸுகளுக்குக் காட்டவில்லை. ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ 90-க்குக் கீழே கிடந்த சம்பவங்களில் பத்துக்கு ஒன்பது சார்ட்டில் பதிவாகவே இல்லை. தொடர்ந்து பார்க்கிற கருவி வேண்டும் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி?

மயக்க மருந்துக்காரன்

நல்ல ஆய்வைத்தான் பிடித்திருக்கிறீர்கள். மறுக்க மாட்டேன். மருத்துவமனையில், முதல் மூன்று நாள், மார்ஃபின் வகை மருந்து ஓடும்போது, தொடர் கண்காணிப்பு வேண்டும் என்றுதான் நானும் சண்டை போடுகிறேன். ஆனால் அந்த எண்ணின் அடுத்த முனையில் ஓடி வருவதற்கு ஓர் ஆள் இருக்க வேண்டும். ராத்திரி இரண்டு மணிக்குச் சிங்கப்பூரில் உங்கள் போன் அலறினால் நீங்கள் என்ன செய்வீர்கள்?

சிங்கப்பூர் சித்தப்பா

பேரனுக்குப் போன் போடுவேன்.

பள்ளத்தூர் பேரன்

போன் முகப்பில்தான் எடுக்கும், சித்தப்பா. அப்பத்தா படுப்பது இரண்டாம் கட்டில். ரெண்டடித் தடிமன் சுவரைத் தாண்டி அந்தப் பட்டையின் புளூடூத் வருமா என்பதே சந்தேகம். வைஃபை வளவு தூணோடு நின்றுவிடுகிறது.

ராத்திரி டூட்டி அக்கா

ஐசியூவில் ஒரு நாள் உட்கார்ந்து பாருங்கள் அண்ணே. மணி அடிப்பதில் பெரும்பாலானவை இருமியதற்கும் புரண்டு படுத்ததற்கும் ஸ்டிக்கர் விட்டதற்கும்தான். மூன்றாம் நாள் காது தானாகவே மூடிக்கொள்ளும். அப்புறம் உண்மையான மணி அடிக்கும்போதும் கை தன்னால் போய் நிறுத்திவிடும். என் கையும் போயிருக்கிறது. வீட்டில் இருப்பவர்களுக்கு அந்த மூன்று நாள்கூடத் தேவைப்படாது.

மின்முனை

மூச்சு எண்ணுவதைப் பற்றி ஒன்று சேர்க்கிறேன். மார்புப் பட்டைகளில் பல, மார்பு விரியும்போது அதன் மின்தடை மாறுவதை வைத்துத்தான் மூச்சை எண்ணுகின்றன. நாக்கு பின்னால் விழுந்து தொண்டை அடைத்துக்கொண்டால் என்ன ஆகும்? மார்பு ஏறி இறங்கும், காற்று உள்ளே போகாது. பட்டை அதையும் மூச்சு என்று எண்ணிவிடும். பேரன் முதலில் கேட்ட கேள்விக்கு நேர்ப் பதில்: அன்று ராத்திரி எட்டு மூச்சை அது பெரும்பாலும் காட்டிக் கொடுத்திருக்கும், ஒட்டு சரியாக இருந்திருந்தால். அப்பத்தா தொண்டை அடைத்துக் கிடந்திருந்தால் ஏமாற்றியிருக்கும்.

தோலைத் தொடாத வழியும் ஒன்று உண்டு. பிவிடிஎஃப் என்ற பிளாஸ்டிக் படலம். இழுத்துப் பதப்படுத்தினால் அழுத்தம் மாறும்போதெல்லாம் மின்னழுத்தம் தரும் என்று 1969-இல் ஜப்பானில் கவாய் கண்டுபிடித்தார். மெத்தைக்கு அடியில் ஒரு பட்டையாகப் போட்டால் மூச்சும் இதயத்துடிப்பின் அதிர்வும் அதில் ஏறும். எனக்குப் பிடித்த பொருள் இதுதான். ஆனால் அதன் குணம் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். அழுத்திக்கொண்டே இருந்தால் சும்மா கிடக்கும், அழுத்தம் மாறினால்தான் பேசும். ஆகவே ஆள் எழுந்து போன படுக்கையும், மூச்சு நின்ற ஆளும் அதற்கு ஒன்றுதான். வேறொரு எடை உணரியைச் சேர்த்தால்தான் வேறுபாடு தெரியும்.

தேவகோட்டை மருமகள்

இடையில் புகுந்து கேட்கிறேன். என் மாமனாருக்கும் இதே ஆபரேஷன் அடுத்த வாரம். சர்க்கரை உண்டு, கையில் ஒட்டும் சர்க்கரை சென்சார் போட்டிருக்கிறார். ஆபரேஷன் நாளில் அதைப் பார்த்தே இன்சுலின் போடலாமா? அப்புறம், முதுகில் ஊசி போட்டால் குழப்பம் வராது, முழு மயக்கம் கொடுத்தால்தான் வரும் என்கிறார்களே, உண்மையா?

மின்முனை

சர்க்கரைக்கு நான் சொல்கிறேன், மீதியை டாக்டர் சொல்லட்டும். இந்த சென்சார்களின் வம்சம் 1962-இல் கிளார்க்கும் லயன்ஸும் நொதியை மின்முனையோடு சேர்த்ததில் தொடங்குகிறது. பல வகைகளில் குளுக்கோஸ் ஆக்ஸிடேஸ் என்ற நொதி சர்க்கரையைத் தின்று ஹைட்ரஜன் பெராக்சைடு தரும், மின்முனை அதை எண்ணும். வில்லங்கம் எங்கே என்றால், அதே மின்னழுத்தத்தில் பாராசிட்டமாலும் எரியும். மின்முனைக்கு இரண்டும் ஒன்று. ஆபரேஷன் முடிந்தவருக்கு முதலில் கொடுக்கிற வலி மருந்தே பாராசிட்டமால்! சில மாடல்களில் சர்க்கரை உண்மையில் ஏறாமலே எண் மட்டும் ஏறிவிடும், அதைப் பார்த்து இன்சுலின் போட்டால் ஆபத்து. புதியவற்றில் தடுப்புப் படலம் வைத்திருக்கிறார்கள், இருந்தாலும் பெட்டியில் வரும் தாளை எடுத்துப் படியுங்கள். தவிர அது அளப்பது ரத்தத்தை அல்ல, செல்களுக்கு இடையில் இருக்கும் நீரை. சில நிமிடம் பின்தங்கித்தான் வரும். அன்றைக்கு விரலில் குத்திப் பார்ப்பதுதான் சரி.

மயக்க மருந்துக்காரன்

அதையே நானும் சொல்வேன். சென்சார் போட்டிருப்பதை மயக்க டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

முதுகு ஊசி விஷயத்தில், நாங்களும் ரொம்ப காலம் அப்படித்தான் நம்பினோம். 2021-இல் அமெரிக்காவிலும் கனடாவிலும் இடுப்பு முறிந்த 1,600 பேரை வைத்துச் சீட்டுப் போட்டுப் பிரித்துப் பார்த்தார்கள். உயிர் போவதிலும், நடக்க முடியாமல் போவதிலும், குழப்பம் வருவதிலும் பெரிய வேறுபாடு தெரியவில்லை. அதனால் எது போட்டாலும் கவலை வேண்டாம். வேறு நான்கு காரியங்களில் கவனமாக இருங்கள். மாமனாரின் கண்ணாடியும் காது மிஷினும் பல்செட்டும் ஆபரேஷன் அறையிலிருந்து வெளியே வந்த உடனே கைக்கு வர வேண்டும். பீரோவில் பத்திரமாக இருக்கிறது என்று சொல்லக் கூடாது. ராத்திரி தூங்க விட வேண்டும். எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் உட்கார வைக்க வேண்டும். தெரிந்த முகம் ஒன்று பக்கத்தில் இருக்க வேண்டும்.

இதோடு, போகிற முன்னாலேயே ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: சும்மா இருக்கும்போது அவருடைய நாடி எவ்வளவு, மூச்சு எவ்வளவு, பிரஷர் எவ்வளவு, கிளிப்பில் எவ்வளவு. புகை பிடித்த நுரையீரலுக்கு 92 அவருடைய நல்ல எண்ணாக இருக்கலாம். கிளிப்பைப் பற்றி வாத்தியார் கேட்டதற்கும் இங்கேயே பதில். விரல் சூடாக இருக்க வேண்டும், அடர் மருதாணி கூடாது, எண்ணோடு துடிப்பு அலையும் நிலையாக ஓட வேண்டும். கறுத்த தோலில் உள்ளதைவிடக் கூட்டிக் காட்டுகிற குறையும் அதற்கு உண்டு, 2020-இல் அமெரிக்க நோயாளிகளிடம் பார்த்து எழுதினார்கள். நம் ஊரில் அதை மறக்கக் கூடாது.

நெறியாளர்

தனி மடலில் சிலர் மருத்துவமனையின் பெயரைக் கேட்பதாகப் பேரன் சொல்கிறார். இங்கே பெயர் போட வேண்டாம், கேட்கவும் வேண்டாம். இழை நன்றாகப் போகிறது, அப்படியே போகட்டும்.

சிங்கப்பூர் சித்தப்பா

சரி, பட்டை வேண்டாம். ஆனால் சும்மா இருக்க என்னால் முடியாது. ஏதாவது வாங்க விடுங்கள்.

ராத்திரி டூட்டி அக்கா

அண்ணே, இரண்டாம் கட்டிலிருந்து கழிவறை வரைக்கும் சுவரில் பிடி கம்பி வையுங்கள். ராத்திரி விளக்கு ஒன்று தரையோரம். நிலைவாசல் படி உயரத்தைச் சமன் செய்ய ஒரு சாய்வுப் பலகை. பிடிமானமுள்ள ரப்பர் செருப்பு, வீட்டுக்குள் போடுவதற்கென்றே தனியாக. அப்பத்தா வீட்டுக்குள் செருப்பா என்று குதிப்பார்கள், அதைப் பேரன் பார்த்துக்கொள்ளட்டும்.

பள்ளத்தூர் பேரன்

பத்து நாள் கழித்து வருகிறேன்.

கம்பி வைத்தாயிற்று. காரைச் சுவரில் துளை போட ஆசாரி சம்மதிக்கவே இல்லை, ஐயா காலத்து முட்டைப் பூச்சு உதிர்ந்துவிடும் என்றார். கடைசியில் தூணுக்குத் தூண் மரக் கைப்பிடியாகவே அடித்துக் கொடுத்துவிட்டார். சித்தப்பா அனுப்பிய பணம் அதற்கும் ஒரு பெரிய சுவர்க் கடிகாரத்துக்கும் சரியாகப் போயிற்று.

கடிகாரம் எதற்கு என்றால், வேலைக்கு வரும் அக்காவுக்கு மூச்சு எண்ணச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். அப்பத்தா தூங்கும்போது சேலைத் தலைப்பு ஏறி இறங்குவதைப் பார்த்து, முழு நிமிடம், காலையும் ராத்திரியும். நோட்டில் 16, 17, 16, 18 என்று வந்துகொண்டிருக்கிறது. எங்கும் 20 இல்லை, டூட்டி அக்கா கவனிக்கவும்.

மார்புக் காயம் ஆறிவிட்டது. செருப்புப் போட மாட்டேன் என்று அப்பத்தா இரண்டு நாள் சாப்பிடவில்லை. பூஜை அறை வாசல் வரைக்கும் போட்டுக்கொள்வது, உள்ளே கழற்றிவிடுவது என்று நேற்று உடன்பாடு ஆகியிருக்கிறது. நோட்டைப் பார்த்துவிட்டு, "என்னடா, வட்டிக் கணக்கா எழுதுறே?" என்று கேட்டார்கள்.

மின்முனை

பேரன், உங்கள் அப்பத்தா சம்மதித்தால் ஒரு நாள் உலர் மின்முனையோடு வரட்டுமா? சிலிகோன் பசைதான், தேங்காயெண்ணெயும் கொண்டுவருகிறேன். ஆய்வகத்தின் அனுமதிக் கடிதத்தோடுதான் வருவேன். எண்பது வயதுத் தோல் எங்களிடம் ஒன்றுகூட இல்லை.

பள்ளத்தூர் பேரன்

கேட்டேன். முதலில் சாப்பிட வரச் சொல்லு, ஒட்டுவதை அப்புறம் பார்க்கலாம் என்கிறார்கள்.